காட்டுக்குத் திட்டம் உண்டு, கணக்கு எங்கே?

2024 டிசம்பரில் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒரு விழா நடைபெற்றது. மத்திய சுற்றுச்சூழல், வனம் மற்றும் பருவநிலை மாற்றத் துறை அமைச்சர் பூபேந்தர் யாதவ், "இந்திய வனநிலை அறிக்கை 2023"-ஐ வெளியிட்டார். நாட்டின் நிலப்பரப்பில் 25.17 சதவீதம் காடுகளாலும் மரங்களாலும் மூடப்பட்டுள்ளது என்றும், முந்தைய கணக்கெடுப்பைவிட 1,445 சதுர கிலோமீட்டர் கூடியுள்ளது என்றும் அறிவிக்கப்பட்டது. மறுநாள் நாளிதழ்களில் அதுவே தலைப்புச் செய்தி.

இரண்டே மாதங்களில், 2025 பிப்ரவரியில், அதே டேராடூனில் உத்தரகண்ட் சட்டப் பேரவையின் மேஜையில் இன்னோர் அறிக்கை வைக்கப்பட்டது. அது தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை. அழிக்கப்பட்ட காட்டுக்கு ஈடாகப் புதிய காடு வளர்க்க ஒதுக்கப்பட்ட நிதியில் ரூ. 13.86 கோடி வேறு செலவுகளுக்குத் திருப்பி விடப்பட்டதாக அது கூறியது. ஐபோன்கள், மடிக்கணினிகள், குளிர்சாதனப் பெட்டிகள் ஆகியவையும் அந்தச் செலவுப் பட்டியலில் இருந்தன.

ஐபோன் செய்தியை நாடு முழுவதும் பேசியது. அதே அறிக்கையில் இருந்த மற்றொரு தகவல் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. 2017 முதல் 2022 வரை நடப்பட்ட கன்றுகளில் பிழைத்தவை சுமார் 33 சதவீதமே. வன ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த அளவுகோலோ 60 முதல் 65 சதவீதம். மேலும், 37 இனங்களில், திட்டத்துக்கு இறுதி அனுமதி கிடைத்து எட்டு ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகே ஈடுசெய் காடு வளர்ப்பு மேற்கொள்ளப்பட்டது.

ஒரே ஊரில், இரண்டு மாத இடைவெளியில் வெளிவந்த இந்த இரண்டு அறிக்கைகளும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. ஒன்று வானிலிருந்து பார்த்த கணக்கு. மற்றது தரையிலிருந்து பார்த்த கணக்கு. இரண்டையும் இணைத்து, தவறு எங்கே நேர்ந்தது, அதைத் திருத்த வேண்டியவர் யார் என்று கேட்கும் முறை மட்டும் இந்நாட்டில் இல்லை. அரசுக் காடுகளின் நிர்வாகத்தில் உள்ள அடிப்படைக் குறை இதுதான்.

இந்தியாவில் வனமாகப் பதிவு செய்யப்பட்ட நிலம் சுமார் 7.75 லட்சம் சதுர கிலோமீட்டர். நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. இதில் பெரும்பகுதி அரசின் உடைமை; அதாவது பொதுமக்களின் சொத்து. இவ்வளவு பெரிய பொதுச் சொத்துக்குச் சட்டங்கள் உண்டு, துறை உண்டு, நிதி உண்டு, திட்டமும் உண்டு. திட்டத்தின் விளைவு என்ன என்பதற்கு மட்டும் உரிமையாளருக்குக் கணக்குக் காட்டப்படுவதில்லை.

பிராண்டிஸ் முதல் கோதவர்மன் வரை

இந்தியக் காடுகள் திட்டமின்றி நிர்வகிக்கப்படுகின்றன என்று எவரும் குறைகூற முடியாது. ஜெர்மானியத் தாவரவியல் அறிஞர் டீட்ரிச் பிராண்டிஸ், பர்மாவின் பெகு பகுதித் தேக்குக் காடுகளில் மரங்களை எண்ணிக் கணக்கிட்டு, ஆண்டுக்கு எத்தனை மரம் வெட்டலாம் என்று வரம்பு கட்டியவர். 1864-ல் அவரே இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைமை ஆய்வாளரானார். அவர் காலத்தில் வேரூன்றிய "செயல் திட்டம்" என்ற நடைமுறை இன்றும் தொடர்கிறது.

ஒவ்வொரு வனக் கோட்டத்துக்கும் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு ஒரு செயல் திட்டம் எழுதப்படுகிறது. எந்தப் பகுதியில் மரம் வெட்டலாம், எங்கே நட வேண்டும், தீத்தடுப்புக் கோடுகள் எங்கே அமைய வேண்டும், மேய்ச்சலுக்கு எந்த இடம் என்பதெல்லாம் அதில் இருக்கும். காட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் தனி வரலாற்றுப் பதிவேடு வைக்க வேண்டும் என்பதும் பழைய விதி.

இந்தத் திட்டத்துக்குச் சட்டத்துக்கு நிகரான வலுவைத் தந்தது உச்ச நீதிமன்றம். நீலகிரி மாவட்டம் கூடலூரில் தம் குடும்பத்துக்கு முன்பு உரிமையாக இருந்த காடு அழிக்கப்படுவதைப் பொறுக்காமல், நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் தொடுத்த வழக்கு அது. 1996 டிசம்பர் 12-ம் தேதி பிறப்பிக்கப்பட்ட ஆணை, மத்திய அரசு ஒப்புதல் அளித்த செயல் திட்டத்தின்படி அன்றி நாட்டின் எந்தக் காட்டிலும் மரம் வெட்டக் கூடாது என்று விதித்தது. அகராதிப் பொருளில் காடு எதுவோ அதுவெல்லாம் சட்டத்தின் பார்வையிலும் காடே என்று கூறியதும் அதே ஆணைதான்.

தமிழகத்தின் ஒரு மலைத் தாலுகாவில் தொடங்கிய வழக்கு, அருணாசலப் பிரதேசத்தின் மர ஆலைகள் வரை அனைத்தையும் கட்டுப்படுத்தியது. அதன் பிறகு செயல் திட்டம் இல்லாத கோட்டத்தில் கோடரிக்கு வேலையில்லை என்ற நிலை வந்தது. திட்டங்கள் ஒரே சீராக இருக்க வேண்டும் என்பதற்காக 2004, 2014, 2023 ஆகிய ஆண்டுகளில் தேசியச் செயல் திட்ட நெறிமுறைகள் வெளியாயின.

ஆக, திட்டமிடுவதில் நாட்டுக்கு ஒன்றரை நூற்றாண்டு அனுபவம் இருக்கிறது. குறை திட்டத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது.

நான்கு படிகள்

"சுற்றுச்சூழல் மேலாண்மை முறை" என்ற சொற்றொடர் 1990-களில் தொழிற்சாலைகளை ஒட்டிப் பரவியது. பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பு 1996-ல் வெளியிட்ட ஐ.எஸ்.ஓ. 14001 என்ற தர விதி அதற்கு வடிவம் தந்தது. அதன் சாரம் எளியது: திட்டமிடு, செயல்படுத்து, சரிபார், திருத்து. நான்காவது படி மீண்டும் முதல் படிக்கு இட்டுச் செல்ல வேண்டும். சென்ற முறை நேர்ந்த பிழை அடுத்த திட்டத்தில் இடம்பெறாமல் இருந்தால்தான் அது மேலாண்மை முறை. இல்லையேல் அது வெறும் ஆவணம்.

பொதுக் காடுகளுக்கு இதைப் பொருத்திய நாடுகள் உண்டு. கனடாவில் காடுகளில் சுமார் 90 சதவீதம் பொதுச் சொத்து. பெரும்பகுதி மாகாண அரசுகளின் பொறுப்பில் உள்ளது. ஒன்டாரியோ மாகாணத்தின் 1994-ம் ஆண்டு வனச் சட்டத்தின் கீழ், ஒவ்வொரு நிர்வாகப் பகுதியும் துறைக்கு வெளியே உள்ள குழுவால் குறித்த காலத்துக்கு ஒருமுறை தணிக்கை செய்யப்படுகிறது. அந்த அறிக்கைகள் பொதுமக்களுக்கு வெளியிடப்படுகின்றன. அங்கும் காடழிப்புப் புகார்கள் ஓயவில்லை. ஆனால் புகார் கூறுபவர் கையில் ஓர் ஆவணம் இருக்கிறது.

இந்தியச் செயல் திட்டத்தை இந்த நான்கு படிகளில் வைத்துப் பார்த்தால் நிலைமை விளங்கும். முதல் படி விரிவாகவே நடக்கிறது. இரண்டாவது படி நிதியையும் ஆள்பலத்தையும் பொறுத்து நடக்கிறது. மூன்றாவது படியான சரிபார்ப்பு, திட்டத்தை நிறைவேற்றிய துறையின் கையிலேயே இருக்கிறது. திட்டக் காலத்தின் நடுவில் மறு ஆய்வு வேண்டும் என்று நெறிமுறை கூறுகிறது. ஆனால் அந்த ஆய்வு முடிவைச் சட்டப் பேரவையிலோ கிராம சபையிலோ வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நான்காவது படி, அடுத்த திட்டத்தை எழுத வரும் அதிகாரியின் ஆர்வத்தைப் பொறுத்தது. முந்தைய திட்டத்தை எழுதியவரும் நிறைவேற்றியவர்களும் அதற்குள் பலமுறை இடமாற்றம் பெற்றிருப்பார்கள்.

காட்டுத் தீயைப் பாருங்கள். உத்தரகண்டில் சீர் வகைப் பைன் மரங்கள் கோடையில் உதிர்க்கும் ஊசியிலைகள் தீக்கு எண்ணெய் வார்ப்பவை. தீத்தடுப்புக் கோடுகளைத் துப்புரவு செய்வதும், சருகைக் குளிர்காலத்திலேயே கட்டுப்பாட்டுடன் எரிப்பதும் அந்த மலைகளில் தலைமுறைகளாக அறியப்பட்ட பணிகள். ஆயினும் 2016-ல் விமானப் படை ஹெலிகாப்டர்கள் தண்ணீர் தெளிக்க வேண்டியதாயிற்று. 2024 ஏப்ரலில் நைனிடாலில் அதே காட்சி மீண்டும் அரங்கேறியது.

2024 மே மாதம் இது உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, தீ எரியும் காலத்தில் வனத்துறை ஊழியர்களைத் தேர்தல் பணிக்கு அனுப்பியது ஏன் என்று நீதிபதிகள் மாநில அரசைக் கேட்டனர். நியாயமான கேள்வி. ஆனால் காட்டுத் தீ பிப்ரவரி நடுப்பகுதியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை வரும் என்பதும், மக்களவைத் தேர்தல் அந்த மாதங்களில்தான் நடக்கும் என்பதும் முன்கூட்டியே தெரிந்தவை. 2016-ன் பாடம் எழுதி வைக்கப்பட்டு, ஆண்டுதோறும் சரிபார்க்கப்பட்டிருந்தால், அந்தக் கேள்வியை நீதிமன்றம் கேட்க வேண்டிய அவசியமே வந்திராது.

நட்டது எத்தனை? நிற்பது எத்தனை?

அடுத்தது பணம். சுரங்கம், அணை, சாலை போன்ற திட்டங்களுக்குக் காட்டு நிலத்தை எடுத்துக்கொள்ளும் நிறுவனம் இரண்டு வகையில் பணம் செலுத்துகிறது. ஒன்று, ஈடாக வேறிடத்தில் காடு வளர்க்கும் செலவு. மற்றொன்று, இழந்த காட்டின் நிகர நடப்பு மதிப்பு. உச்ச நீதிமன்றத்தின் ஆணையால் உருவான இந்த நிதிக்கு, 2016-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. "காம்பா" என்று தில்லியில் சுருக்கமாக அழைக்கப்படும் நிதி இது. 2019 ஆகஸ்டில் மட்டும் ரூ. 47,436 கோடி மாநிலங்களுக்கு மாற்றப்பட்டது.

இந்த நிதி பற்றிய எச்சரிக்கை அதற்கு முன்பே வந்துவிட்டது. 2006 முதல் 2012 வரையிலான காலத்தை ஆராய்ந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், 2013-ல் அளித்த அறிக்கையில் கூறியது இது: காட்டுக்கு ஈடாகப் பெற்றிருக்க வேண்டிய வனமல்லாத நிலம் 1,03,381 ஹெக்டேர், பெறப்பட்டது 28,086 ஹெக்டேர், மரம் நடப்பட்டது 7,280 ஹெக்டேர். அதாவது, நூறு ஹெக்டேருக்கு ஏழு ஹெக்டேர்.

அந்த அறிக்கைக்கும் உத்தரகண்ட் அறிக்கைக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள். இடையில் ஒரு சட்டம், ஒரு தேசிய ஆணையம், பல்லாயிரம் கோடி ரூபாய். ஆயினும் இரண்டு அறிக்கைகளும் சுட்டும் நோய் ஒன்றுதான். நடப்பட்ட கன்றுகளின் எண்ணிக்கை உடனுக்குடன் மேலிடத்துக்குப் போகிறது. ஐந்தாம் ஆண்டில் எத்தனை மரம் நிற்கிறது என்பது, தணிக்கையாளர் வந்து தோண்டினால்தான் வெளிவருகிறது.

இதற்குக் கீழ்மட்ட ஊழியரைக் குறை கூறிப் பயனில்லை. ஆண்டு முடிவுக்குள் நிதியைச் செலவிட வேண்டும் என்ற நெருக்கடி மேலிருந்து வருகிறது. நடுவதற்கு இலக்கு உண்டு; காப்பதற்கு இலக்கு இல்லை. எதைக் கணக்கில் எடுக்கிறோமோ அதுதான் நடக்கும் என்பது எந்த அலுவலகத்துக்கும் பொருந்தும் உண்மை. காடு அதற்கு விலக்கல்ல.

எல்லை தெரியாத சொத்து

வனநிலை அறிக்கை இந்தக் குறையை ஈடுசெய்யாதா என்ற கேள்வி எழலாம். 1981-ல் தொடங்கப்பட்ட இந்திய வன அளவை நிறுவனம், செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு இரண்டாண்டுக்கு ஒருமுறை அரிய பணி ஆற்றி வருகிறது. ஆனால் அதன் அளவுகோல் வேறு நோக்கத்துக்கானது. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் மர நிழல் விழுந்தால், அது யாருடைய நிலமானாலும், எந்த மரமானாலும் "வனப்பரப்பு" ஆகிவிடுகிறது. பழத்தோட்டமும் மூங்கில் தோப்பும் பனந்தோப்பும் இதில் அடங்கும்.

அதே அறிக்கையில் நாட்டின் வனப்பரப்பு 7,15,343 சதுர கிலோமீட்டர். அதில் பதிவு பெற்ற வன எல்லைக்குள் இருப்பது சுமார் 5.20 லட்சம் சதுர கிலோமீட்டர். எஞ்சிய சுமார் 1.95 லட்சம் சதுர கிலோமீட்டர் அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது. பதிவான வன நிலமோ 7.75 லட்சம். அதாவது, அரசு தன் காடு என்று பதிவு செய்துள்ள நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் மர அடர்வு இல்லை. பனிமலையும் பாலைநிலமும் புல்வெளியும் அதில் உண்டு என்பதால் அனைத்தையும் அழிவு என்று கொள்வது தவறு. ஆனால் எது இயற்கையான வெளி, எது அழிந்த காடு என்று கோட்டம் வாரியாகப் பிரித்துச் சொல்லும் கணக்கு மக்கள் முன் இல்லை.

இதைவிட வியப்பானது எல்லைச் சிக்கல். தங்கள் வன எல்லைகளை எண்ம வரைபடமாக்கித் தராத மாநிலங்களுக்கு, நில அளவைத் துறையின் பழைய வரைபடங்களில் பச்சை வண்ணம் தீட்டப்பட்ட பகுதியையே எல்லையாகக் கொண்டு அறிக்கை தயாரிக்கப்படுகிறது. தன் சொத்தின் எல்லை எது என்று உறுதியாகத் தெரியாத உரிமையாளர், அதன் இழப்பை எப்படி அறிவார்? மாநிலங்கள் அனைத்தும் நிபுணர் குழு அமைத்து வன நிலங்களின் ஒருங்கிணைந்த பதிவேட்டைத் தயாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் காலக்கெடுவுடன் ஆணையிட வேண்டி வந்தது, 1996-ம் ஆண்டு ஆணைக்கு 28 ஆண்டுகளுக்குப் பிறகு.

பன்னாட்டு அரங்கிலும் இது முக்கியமானது. 2030-க்குள் கூடுதல் காடு, மரங்கள் மூலம் 250 கோடி முதல் 300 கோடி டன் கரியமில வாயுவுக்கு இணையான அளவை உறிஞ்சிக் கொள்வதாக இந்தியா 2015-ல் உறுதியளித்தது. 229 கோடி டன் எட்டப்பட்டு விட்டதாக 2023 வனநிலை அறிக்கை கூறுகிறது. இந்த எண்ணை உலகம் ஒருநாள் சோதிக்கும். அப்போது செயற்கைக்கோள் படத்துடன், தரையில் சரிபார்த்த கணக்கையும் காட்ட வேண்டியிருக்கும்.

சான்றிதழ் போதுமா?

மத்திய அரசு இதில் எதுவுமே செய்யவில்லை என்று கூறுவது நியாயமாகாது. 2023 ஜூனில் வெளியான புதிய செயல் திட்ட நெறிமுறை, முதன்முறையாக "இந்திய வன மேலாண்மைத் தரம்" ஒன்றை உள்ளடக்கியது. எட்டு அளவுகோல்கள், 69 குறியீடுகள், 254 சரிபார்ப்புக் கூறுகள் கொண்டது அது. அதன் அடிப்படையில் 2023 டிசம்பரில் இந்திய வன மற்றும் மரச் சான்றளிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. போபாலில் உள்ள இந்திய வன மேலாண்மை நிறுவனம் அதை இயக்கும் பொறுப்பை ஏற்றுள்ளது. துறைக்கு வெளியே உள்ள அமைப்பு சோதித்துச் சான்றளிக்கும் என்ற கொள்கை இதில் ஏற்கப்பட்டிருப்பது பெரிய முன்னேற்றமே.

ஆனால் இத்திட்டம் விருப்பத்தின் பேரிலானது. அதன் உந்துசக்தி பெரிதும் சந்தை. காடழிப்பில் விளைந்த மரம், தாள் போன்ற பொருள்களைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் ஒரு விதியை நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வருவது தள்ளிப் போனாலும், இந்திய அறைகலன், கைவினைப் பொருள் ஏற்றுமதியாளர்களுக்கு அது கவலை தந்தது. சான்று பெற்ற மரத்துக்கு நல்ல விலை கிடைக்கும் என்ற கணக்கும் நியாயமானதே.

சிக்கல் என்னவெனில், நாட்டின் மிக முக்கியமான காடுகளில் பல மரம் விற்பதற்கானவை அல்ல. ஆறுகளுக்கு நீர் தரும் மலைச் சோலைகள், யானை வழித்தடங்கள், பழங்குடியினர் தேனும் இலுப்பைப் பூவும் சேகரிக்கும் வனங்கள் ஆகியவற்றுக்குச் சந்தைச் சான்றிதழால் ஆதாயம் இல்லை. ஆதாயம் இல்லாத இடத்தில் விருப்பத்தின் பேரிலான சோதனைக்கு எந்தக் கோட்டம் முன்வரும்? நன்றாக நடக்கும் கோட்டங்கள் சான்று பெறும். சோதனை அவசியமான கோட்டங்கள் ஒதுங்கி நிற்கும்.

கிராம சபையின் இடம்

மேலாண்மை முறை என்றதும் அதிகாரிகளும் தணிக்கையாளர்களும் மட்டுமே நினைவுக்கு வருகின்றனர். காட்டுக்குள் வாழ்பவர்கள் மறக்கப்படுகின்றனர். 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம், சமூக வன வளத்தைக் காக்கவும் புதுப்பிக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு உரிமை வழங்கியது. மகாராஷ்டிர மாநிலம் கட்சிரோலி மாவட்டத்தில் உள்ள மேண்டா லேகா கிராமம் 2009-ல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டின் மீது இந்த உரிமையைப் பெற்றது. ஆனால் வெட்டிய மூங்கிலைக் கொண்டு செல்ல அனுமதிச் சீட்டு தர வனத்துறை தயங்கியது. 2011-ல் அப்போதைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நேரில் சென்ற பிறகே அனுமதிச் சீட்டுப் புத்தகம் கிராம சபையின் கைக்கு வந்தது.

பழைய பிணக்கு இன்னும் தீரவில்லை. சத்தீஸ்கரில் 2025 மே மாதம், சமூக வன வள நிர்வாகத்துக்குத் தன்னையே ஒருங்கிணைப்பு அமைப்பாக அறிவித்து வனத்துறை சுற்றறிக்கை அனுப்பியது. கிராம சபைகளின் எதிர்ப்பால் ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றது. கிராம மக்களின் திட்டங்களில் அறிவியல் செம்மை இல்லை என்பது வனத்துறையின் கவலை. மரத்தை விற்பதற்காக எழுதப்பட்ட செயல் திட்டத்தைத் தங்கள் வாழ்வின் மீது திணிக்கிறார்கள் என்பது மக்களின் கவலை. இரண்டிலும் உண்மை உண்டு.

இந்தப் பிணக்கை யார் தலைவர் என்ற சண்டையாக வைத்திருக்கும்வரை தீர்வு கிடையாது. இரு தரப்பும் ஒரே சோதனைக்கு உட்படுவதுதான் வழி. ஊற்றில் கோடையிலும் நீர் இருக்கிறதா, மூங்கில் மீண்டும் தழைத்ததா, தீ எத்தனை முறை வந்தது என்பவற்றைக் கிராமத்துப் பெண்கள் எந்த அதிகாரியை விடவும் நன்கு அறிவர். அவர்கள் சொல்வது பதிவேட்டில் ஏற வேண்டும். கிராம சபை நிர்வகிக்கும் காட்டுக்கும், துறை நிர்வகிக்கும் காட்டுக்கும் ஒரே அளவுகோலில் கணக்கு வெளியானால், யார் நன்றாகக் காக்கிறார்கள் என்பதை நாடு பார்த்துக் கொள்ளும்.

எதிர்வாதங்கள்

இதற்கு மூன்று ஆட்சேபங்கள் எழக்கூடும். முதலாவது, ஏற்கெனவே ஆள் பற்றாக்குறையில் தவிக்கும் வனக் காப்பாளர் மீது இன்னும் காகிதச் சுமையா என்பது. 254 கூறுகளையும் நிரப்பச் சொன்னால் அது சுமைதான். ஆனால் காப்பாளர் இப்போதும் பல பதிவேடுகளை நிரப்பிக் கொண்டுதான் இருக்கிறார். அவற்றை யாரும் படிப்பதில்லை என்பதுதான் அவருடைய துயரம். பயனற்ற பதிவேடுகளைக் குறைத்து, சில முக்கியக் கேள்விகளை மட்டும் நேர்மையாகக் கேட்பதே உண்மையான மேலாண்மை.

இரண்டாவது, இது மாநில உரிமையில் தலையிடுவது ஆகாதா என்பது. 1976-ம் ஆண்டின் 42-வது அரசியல் சட்டத் திருத்தம் வனத்தைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. அதன்பின் தில்லியின் பிடி இறுகியது உண்மையே. ஆகவேதான் தணிக்கை அறிக்கை முதலில் அந்தந்த மாநிலச் சட்டப் பேரவைக்குச் செல்ல வேண்டும். மத்திய அமைச்சகத்துக்கு மட்டும் அனுப்பப்படும் ரகசியக் கோப்பாக அது இருந்தால், மாநிலத்தின் அதிகாரமும் வளராது; மக்களின் அதிகாரமும் வளராது.

மூன்றாவது, காடு வளர ஐம்பது ஆண்டு ஆகும். ஐந்தாண்டில் எதை அளப்பது என்பது. காடு முதிர்வதற்குத்தான் ஐம்பது ஆண்டு. கன்று செத்ததா பிழைத்ததா என்று அறிய ஐந்தாண்டே அதிகம். ஐம்பது ஆண்டுப் பயணத்தில் முதல் ஐந்தாண்டிலேயே வழி தவறியதை அறிந்தால்தான் திரும்ப முடியும்.

நாடாளுமன்றத்தின் கடமை

2023-ம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத் திருத்த மசோதா வந்தபோது நடந்தவை நினைவுகூரத் தக்கவை. சுற்றுச்சூழல் நிலைக்குழுவிடம் செல்ல வேண்டிய மசோதா தனிக் கூட்டுக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. நிலைக்குழுத் தலைவராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் அதை ஆட்சேபித்தார். கூட்டுக் குழு எந்த மாற்றமும் பரிந்துரைக்கவில்லை. மக்களவை ஜூலை 26-ம் தேதியும், மாநிலங்களவை ஆகஸ்ட் 2-ம் தேதியும் மசோதாவை நிறைவேற்றின.

எல்லையிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் அமையும் பாதுகாப்புத் தொடர்பான சாலை போன்ற திட்டங்களுக்கு விலக்கு அளிப்பது பற்றியும், எந்த நிலம் காடு என்பது பற்றியும் எழுந்த சர்ச்சை நீதிமன்றம் வரை சென்றது. 1996-ம் ஆண்டின் அகராதிப் பொருளே இப்போதைக்கு நீடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் இடைக்கால ஆணை பிறப்பித்தது. அந்தச் சர்ச்சை அவசியமானதுதான். ஆனால் "காடு எது" என்ற கேள்வியில் மூழ்கியவர்கள், "காடு எப்படி இருக்கிறது" என்ற கேள்வியை விட்டுவிட்டனர். திருத்தத்துக்குப் பின் சட்டத்தின் இந்திப் பெயரிலேயே வனத்தைப் பேணுதலுடன் வளர்த்தலும் சேர்ந்துவிட்டது. வளர்ந்ததா என்று கணக்குக் காட்டும் பொறுப்பு சேரவில்லை.

இனி செய்ய வேண்டியவை பெரும் செலவு கோருபவை அல்ல. ஒவ்வொரு கோட்டத்தின் செயல் திட்டமும் நடுக்கால மறு ஆய்வும் அந்தந்த மாநில மொழியில், காட்டோரக் கிராமத்தார் படித்துப் புரிந்து கொள்ளும் சுருக்கத்துடன் வெளியிடப்பட வேண்டும். விருப்பத்தின் பேரில் உள்ள வெளிச் சோதனை, அரசுக் காடுகள் அனைத்துக்கும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்டாயமாக வேண்டும். சோதனைக் குழுவில் கிராம சபைக்கு இடம் வேண்டும். அதன் அறிக்கை சட்டப் பேரவையில் வைக்கப்பட வேண்டும். நாடு தழுவிய தொகுப்பு நாடாளுமன்றத்துக்கு வர வேண்டும். ஈடுசெய் காடு வளர்ப்பு நிதியின் ஒரு பகுதியை, ஐந்தாம் ஆண்டில் உயிருடன் நிற்கும் மரங்களின் கணக்கைப் பார்த்த பிறகே விடுவிக்க வேண்டும்.

இவற்றில் எதற்கும் புதிய துறை தேவையில்லை. அளவுகோல் இருக்கிறது; நிறுவனங்கள் இருக்கின்றன; பணமும் இருக்கிறது. ஆண்டுதோறும் நிதிநிலை அறிக்கையின் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குக் கேட்கும் அவைகள், நாட்டின் நான்கில் ஒரு பங்கு நிலத்துக்குக் கணக்குக் கேட்காமல் இருப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை.

அடுத்த வனநிலை அறிக்கை வெளியாகும்போதும் வனப்பரப்பு சற்றே கூடியிருப்பதாக அறிவிக்கப்படலாம். அன்று உறுப்பினர்கள் மேஜையைத் தட்டி வரவேற்பதற்கு முன், ஒரே ஒரு துணைக் கேள்வி கேட்டால் போதும்: ஐந்து ஆண்டுகளுக்கு முன் நட்டவற்றில் இன்று நிற்பவை எத்தனை? அமைச்சர் அதற்குக் கோட்டம் வாரியாக விடை சொல்லும் நாளில்தான், அரசின் காடு மக்களின் காடாகும்.